கன்னத்தில் ஐந்து விரல்

— அன்னிக்கு அந்த டாக்டர் உன்கிட்ட இன்னா கேட்டாரு? அதை மட்டும் சொல்லு, இந்திராணி.

— "யாரும்மா அடிச்சது"ன்னு கேட்டாரு.

— நீ இன்னா சொன்ன?

— ஒண்ணும் சொல்லலை.

— மறுபடியும் கேட்டாரு இல்ல?

— கேட்டாரு. "புருஷனா?"ன்னு கேட்டாரு.

— அப்போ?

— அப்பவும் ஒண்ணும் சொல்லலை. கீழே பார்த்துக்கினு இருந்தேன்.

— போதும். கேட்டுக்கினீங்களா, கிளார்க் சார்? இவ கீழே பார்த்துக்கினு இருந்தா. அந்தாளு மேலே பார்த்துக்கினு எழுதிட்டாரு, "கணவன் அடித்தது"ன்னு. ஆறு மாசமா பிள்ளையார்பாளையம் பூரா நான் பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறவன். நூல் வாங்கப் போனா சேட்டு வீட்டுப் பொம்பளைங்ககூட கதவுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்க்குது.

— குரலைத் தணி, கலியாணசுந்தரம். இது ரெக்கார்டு ரூம். சுவத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. நீ இப்படிக் கத்தினா பொறக்கப் போற குழந்தைகூட வேணாம்னு உள்ளேயே இருந்துடும்.

— நான் கத்தலை சார். தறிச் சத்தத்துல பேசிப் பேசி என் குரலே இதுதான்.

— அதான் பக்கத்து வீட்டுக்காரங்களும் சொன்னாங்க. "அவன் பேசுற பேச்சுக்கு அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பான்"னு.

— பார்த்தீங்களா சார்? திறந்தா இதுதான் வருது. அன்னிக்குத் திறக்க வேண்டிய வாய் சார் இது.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்குப் பசிக்குது. டிபன் கேரியர்ல தயிர் சாதம் புளிச்சுக்கிட்டு இருக்கு. விஷயத்தை நான் சொல்லிடறேன். அம்மா, உன் பேருல இங்க ரெண்டு சீட்டு இருக்கு. ஆடி மாசம் உங்க அண்ணன் உன்னை அழைச்சுட்டு வந்தப்போ எழுதினது ஒண்ணு. "கணவன் அடித்ததால் உண்டான தடிப்புகள்." போன புதன்கிழமை தோல் டாக்டரம்மா எழுதினது இன்னொண்ணு. அதுல "அர்ட்டிகேரியா"ன்னு இருக்கு.

— காணாக்கடி.

— வெளியில நீ காணாக்கடின்னு சொல்லிக்கோ. எங்களுக்கு மேலே இருந்து ஒரு புஸ்தகம் அனுப்பியிருக்காங்க, இந்தா, இந்தத் தடிமன். உலகத்துல இருக்குற எல்லா வியாதிக்கும் இதுல நம்பர் உண்டு. உன் வியாதிக்கு எழுநூத்தி எட்டு. அடிதடிக்கு முன்னால ஒரு "ஈ" போட்டு வேற நம்பர். உன் முதல் சீட்டுல அந்த "ஈ" நம்பரை நான்தான் போட்டேன். டாக்டர் என்ன எழுதுறாரோ அதுக்கு நம்பர் போடறது என் வேலை. ஒரே ஆளு மேல வந்த ஒரே மாதிரித் தடிப்பை அடின்னும் காட்டி, வியாதின்னும் காட்ட எனக்கு வழி கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான் நிக்கணும்.

— அப்போ பழசை அடிச்சிட்டுப் புதுசை எழுதிடுங்க சார். முடிஞ்சுது.

— அடிச்சிட்டு எழுதுறதுக்கு இது மளிகைக் கடைச் சிட்டையாப்பா? பழசை எழுதின டாக்டர் மாத்தலாகிப் போயிட்டாரு. தோல் டாக்டரம்மாகிட்ட நானே போய் நின்னேன். "இப்போ இருக்குறது வியாதி, சந்தேகமே இல்லை. ஆனா அன்னிக்கு நான் அங்க இல்லையே. ஒவ்வொரு தடமும் எதனால வந்துதுன்னு அந்தப் பொண்ணே வாயால சொல்லட்டும். அடியில எழுதிக் கையெழுத்துப் போடறேன்"ன்னாங்க. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் அவங்க மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிச்சிடுவாங்க. விட்டா அடுத்த புதன்தான்.

— அடுத்த புதன் எனக்கு எதுக்கு சார்? நாளைக்குச் சாயங்காலம் நாட்டாண்மைக்காரர் முன்னாடி ரெண்டு குடும்பமும் உக்காருது. இவ அண்ணன் பரசுராமன் அந்தப் பழைய சீட்டோட நகலை மடியிலயே வச்சிக்கினு திரியுறாரு. அதைப் படிச்சாங்கன்னா தீர்ந்துது. தாலியைக் கழட்டி வைன்னு சொல்லிடுவாங்க.

— கழட்டி வைக்கப் போறவ நான். உங்களுக்கு என்ன நஷ்டம்?

— பாருங்க சார்! பாருங்க!

— அம்மா, இவரோட வாழ உனக்கு இஷ்டமா இல்லையாங்கிறது என் ஆபீஸ் விஷயம் இல்லை. தடம் எதனால வந்துது, அது எழுத்துல வந்தா எனக்குப் போதும்.

— இஷ்டம் இல்லாதவளா சார் ஐயம்பேட்டையில இருந்து பஸ் ஏறி வருவா? அண்ணன்கிட்ட கோயிலுக்குன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். இவரு கூப்பிட்டாருன்னு நீங்கதானே ஆள் அனுப்பினீங்க?

— நானா? நான் எப்போடி கூப்பிட்டேன்?

— அது… நான்தான்பா அப்படிச் சொல்லி அனுப்பினேன். ரெக்கார்டு ரூம் கூப்பிடுதுன்னா யாரு வருவாங்க? புருஷன் கூப்பிடறாருன்னா வருவாங்க.

— அதானே பார்த்தேன். ஆறு மாசத்துல ஒரு தடவை கூப்பிடாத மனுஷன் இன்னிக்கு எப்படிக் கூப்பிட்டாருன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கினு வந்தேன். பூ வேற வச்சிக்கினு வந்தேன், வெக்கங்கெட்டவ.

— வந்து எப்படிக் கூப்பிடுறது? உங்க வாசல்ல உங்க அண்ணன் கட்டையோட நிக்கிறாரு.

— நின்னா? பொண்டாட்டிக்காக ஒரு அடி வாங்கினா உடம்பு கரைஞ்சிடுமா?

— அடிக்காத அடிக்கு நான் வேற அடி வாங்கணுமா? நல்ல நியாயம்டி உங்க ஐயம்பேட்டை நியாயம்!

— சரி, சரி. முதல்ல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேட்டுடறேன். தப்பா நினைக்காதேம்மா. காயம்னா காயம், சொறின்னா சொறி. தொட்டாலே தடம் எழுந்துக்குற தோலுன்னு என் சர்வீஸ்ல நான் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணால பார்க்காம எனக்கு நம்பிக்கை வரலை.

— அந்தப் பேனாவைக் குடுங்க சார். மூடியோட.

— எதுக்கு?

— டாக்டரம்மா பண்ணதைத்தான் பண்ணப் போறேன். இந்தா, முழங்கைக்குக் கீழே ஒரு கோடு. அழுத்தக்கூட இல்லை, பார்த்துக்குங்க. கொஞ்ச நேரம் பேசிக்கினு இருங்க. அது பாட்டுக்கு எழுந்துக்கும்.

— வேணாம். அதெல்லாம் எதுக்கு இங்க?

— உங்களுக்கு என்ன வந்தது? என் தோலு. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்குங்க, வழக்கம்போல.

— இன்னாடி வழக்கம்?

— என் கையைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிற வழக்கம். கல்யாணம் ஆன மாசத்துல இருந்து இருக்குற வழக்கம்.

— சார், இவ எதையோ பேசி எங்கேயோ போறா. தடத்தைப் பத்திக் கேளுங்க.

— அதைத்தான்பா கேக்கறேன். ஏம்மா, டாக்டரம்மா இதுக்குக் காரணம் என்னன்னு சொன்னாங்க?

— தோலுக்கு அடியில ஹிஸ்டமின்னு ஒரு சரக்கு இருக்குதாம் சார். எல்லாருக்கும்தான் இருக்குதாம். எனக்கு மட்டும் லேசா அழுத்தினாலே அது கொட்டிடுதாம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் இது ஆரம்பிச்சுது. கொட்டின இடம் வீங்கிக்கும். அரை மணியோ முக்கால் மணியோ, தானா அடங்கிடும். கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான்.

— வலிக்காதா?

— இப்போதான் கேக்குறீங்க.

— இன்னா?

— வலிக்காதான்னு. வர்ற தையோட கல்யாணம் ஆகி ஒரு வருஷம். இப்போதான் கேக்குறீங்க. பரவாயில்லை, கேட்டீங்களே. வலிக்காது.

— அம்மாடி! எழுந்துடுச்சே! கலியாணசுந்தரம், இங்க பாருப்பா. தோலுக்குள்ள ஒரு கயிறைப் போட்ட மாதிரி! சுத்திலும் சிவப்பு வேற. இதைப் பார்த்தா நான்கூட யாரோ விளாறால வீசினாங்கன்னுதான் சொல்லுவேன்.

— நான் பார்த்திருக்கேன் சார். நீங்க பாருங்க.

— திரும்பவும் ஜன்னல்! சார், நீங்களே சொல்லுங்க, நான் என்ன குஷ்டரோகியா?

— ஏய், அந்த வார்த்தையைச் சொல்லாதே.

— சொல்லலை. நீங்க சொல்லாம சொல்றதைவிட நான் சொல்றது ஒண்ணும் பெருசு இல்லை.

— நிறுத்துங்கன்னேன்! இப்போ வரிசையா பழைய சீட்டைப் படிக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லும்மா. சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. ஒண்ணு. "வலது மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம்."

— அது எங்க அண்ணன்.

— அண்ணனா?

— ஆடி அழைப்புக்கு என்னைக் கூட்டிக்கினு போக வந்திருந்தாரு சார். வந்தவரு என் மூஞ்சைப் பார்த்தாரு. "வாடி ஆஸ்பத்திரிக்கு"ன்னு கையைப் புடிச்சாரு. வீட்டுல இருந்து குதிரை வண்டி வரைக்கும் விடவே இல்லை.

— ஆக, தங்கச்சியை அடிச்சவனைக் காட்டிக் குடுக்க வந்தவரு கையே தடமாயிடுச்சு. அதையும் புருஷன் கணக்குல எழுதிட்டோம்.

— சிரிக்காதீங்க சார். உங்களுக்குச் சிரிப்பு வருது. எனக்கு அந்தக் கணக்குல ஆறு மாசம் போயிடுச்சு.

— சிரிக்கலைப்பா. எழுதிக்கறேன். "சகோதரர் பிடித்து அழைத்து வந்தது." ரெண்டு. "முதுகில் கம்பால் அடித்தது போன்ற மூன்று நீண்ட கோடுகள்."

— குதிரை வண்டியில சாய்ஞ்சு உக்காந்திருந்தேன். சாய்ஞ்ச இடத்துல பலகை. ரயில்வே கேட்டுல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ரோடு எப்படி இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

— அதானே! குதிரை வண்டிப் பலகை! கடவுளே, ஒரு பலகையைப் புருஷன்னு எழுதி நம்பர் போட்டிருக்கேன் நான். கலியாணசுந்தரம், உன் தலையெழுத்து இன்னிக்கு மாறிடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். மூணு. "இடது கன்னத்தில் ஐந்து விரல்களின் தடம், தெளிவாக." சொல்லும்மா.

— அது வேணாம் சார்.

— வேணாம்னா?

— ரெண்டு சொல்லிட்டேன்ல? அதை எழுதிக்குங்க.

— ஏம்மா, முக்கியமே கன்னம்தானே! நாட்டாண்மைக்காரர் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லப் போறதே இந்த ஒரு வரியைத்தான். முதுகையும் மணிக்கட்டையும் யாரு சீந்தப் போறா?

— அதுவும் அண்ணன் கைன்னு எழுதிடுங்க.

— பொய்! உங்க அண்ணன் உள்ளே வரும்போதே அந்தத் தடம் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தானே என் கழுத்தைப் புடிச்சாரு!

— உங்களுக்காகத்தானே நான் பொய் சொல்றேன்? உங்களைக் காப்பாத்தத்தானே?

— எனக்குப் பொய் வேணாம். நிஜம் வேணும். த பாரு, இந்திராணி. அன்னிக்கு மத்தியானம் சோறு தின்னுட்டுத் தறிகிட்ட படுத்தேன். காலையில இருந்து தறி நாடா தள்ளின அசதி, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா நெஞ்சு மேல உங்க அண்ணன். நடுவுல ஒண்ணும் எனக்குத் தெரியாது. எங்க அக்கா கிருஷ்ணவேணி மாகறலுக்குப் போயிருந்தா. வீட்டுல நீயும் நானும்தான். நான் தூங்கிக்கினு இருக்கேன். உன் கன்னத்துல அஞ்சு விரல். அண்ணன் கை இல்லை, பலகை இல்லை. அப்போ அது எவன் கை?

— என்ன கேட்டீங்க?

— எவன் கை அது?

— கலியாணசுந்தரம், வார்த்தையை அளந்து பேசுப்பா. வெளியில நர்ஸம்மா நிக்கிறாங்க.

— ஆறு மாசம் அளந்தாச்சு சார். இனிமே அளக்க என்கிட்ட வார்த்தை இல்லை. நான் ஏன் இவ ஊருக்குப் போகலைன்னு நினைக்கிறீங்க? கட்டைக்கு பயந்தா? ஊரெல்லாம் என்னை அடிக்கிறவன், அடிக்கிறவன்னு சொல்லும்போது ஏன் நடுத்தெருவுல நின்னு இல்லைன்னு கத்தலைன்னு நினைக்கிறீங்க? என் தொண்டைக்கா குறைச்சல்? நான் அடிக்கலைன்னு சொன்னா அடுத்து இன்னா கேப்பாங்க? அப்போ யாருடா அந்தக் கைன்னு கேப்பாங்க. இவ பேரு போயிடும். என் பேரே போகட்டும்னு இருந்துட்டேன்.

— பெரிய தியாகம்.

— ஆமாண்டி, தியாகம்தான்!

— வேற ஒருத்தன் கைன்னு நினைச்சுக்கினே ஆறு மாசம் தறி ஓட்டினியா நீ? எத்தனை புடவை நெய்த? ஒவ்வொரு இழைக்கும் அதையே நினைச்சியா?

— இன்னாடி, நீ, வா, போன்னு?

— ஆமா, நீதான். இனிமே என்ன மரியாதை? என் வாயை அடைச்சிக்கினு உன் மானத்தை நான் காப்பாத்திக்கினு இருந்தேன். நீ என் மானத்தைக் காப்பாத்திக்கினு இருந்தியா? நல்ல பொருத்தம். ஜாதகம் பார்த்தவன் பொய் சொல்லலை.

— என் மானத்துக்கு இன்னா குறைச்சல்?

— கேக்குறியா? சொல்லட்டுமா? சார் இருக்குறாரு.

— அம்மா, வேணும்னா நான் கொஞ்சம் வெளியில…

— நீங்க இருங்க சார். நீங்கதானே எழுதணும்? பேனாவை எடுங்க. கன்னத்துல இருந்தது இவரு கை.

— அடிப்பாவி! சார், சத்தியமா நான்…

— அப்போ அடிச்சாராம்மா? பழைய சீட்டுதான் சரியா?

— யாரு சார் அடிச்சாருன்னு சொன்னா? இவரு கைன்னு சொன்னேன். இவரு தூங்கிக்கினு இருந்தாரு.

— தூங்குறவன் கை எப்படிம்மா உன் கன்னத்துல வரும்?

— நான்தான் எடுத்து வச்சிக்கினேன்.

— இன்னாடி சொல்ற?

— காது கேக்கலையா? நான்தான் எடுத்து வச்சிக்கினேன். மாசி மாசத்துல பாயைச் சுருட்டிக்கினு தறிக்குழிகிட்ட போய்ப் படுத்தியே, ஞாபகம் இருக்குதா? ஏன்னு கேட்டேன். புழுக்கம்னு சொன்ன. மாசிப் பனியில புழுக்கம்! சித்திரையில மழை பேஞ்சுது, அப்பவும் புழுக்கம். நான் தண்ணி குடுத்தா சொம்பைக் கீழே வைன்னுவ. சீலை முந்தானை பட்டாக்கூட நகர்ந்து உக்காருவ. இந்தத் தோலைப் பார்த்து அருவருத்துப் போயிட்டாருன்னு நான் தெரிஞ்சிக்கினேன். சரி, அப்படியே இருந்துட்டுப் போறேன்னுதான் இருந்தேன். ஆடி வந்தது. அண்ணன் வர்ற நாள். எல்லா வீட்டுலயும் புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வைக்கத்தான் ஆடியில பொண்ணைக் கூட்டிக்கினு போவாங்க. நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல பிரிக்க என்ன இருந்தது? சொல்லு! ஒரு மாசம் உன் சத்தம்கூட கேக்காது. நீ தூங்கிக்கினு இருந்த. கை தரையில விரிஞ்சு கிடந்தது. தூங்கும்போதுதானே அது எனக்குக் கிடைக்கும்? எடுத்தேன். கன்னத்துல வச்சி அழுத்திக்கினேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. வாசல்ல அண்ணன் குரல் கேட்டதும் எழுந்து ஓடினேன். போதுமா? எழுதிக்குங்க சார்.

— …அம்மா.

— டாக்டர் கேட்டப்போ நான் என்ன சொல்றது சார்? அண்ணன் பக்கத்துல நிக்கிறாரு. புருஷன் அடிக்கலைன்னா பின்ன இது என்னன்னு கேப்பாங்க. அவரு என்னைத் தொடவே மாட்டாரு, அதனால திருடிக்கினேன்னு சொல்லணுமா? அடிக்கிற புருஷன்னா ஊருல நாலு வீட்டுல இருக்குறான். தொடாத புருஷன்னா இவருக்கு என்ன பேரு வரும்? எனக்கு என்ன பேரு வரும்? அதான் கீழே பார்த்தேன்.

— இந்திராணி…

— பேசாதே. நீ கேட்ட கேள்விக்குப் பதில் வந்துடுச்சு. எவன் கைன்னு கேட்டியே, பார்த்துக்கோ உன் கையை.

— அருவருப்பா? எனக்கா? சார், எனக்கு அருவருப்பாம் சார். கல்யாணம் ஆகி மூணாம் நாள் காலையில எங்க அக்கா என்னைக் கூப்பிட்டா. இவ தோளைக் காட்டினா. நீளநீளமா சிவந்து கிடந்துது. "என்னடா பண்ணி வச்சிருக்கே புதுப்பொண்ணை? அப்பன் புத்தி அப்படியே வந்துடுச்சா?"ன்னா. எங்கப்பன் கை தெரியுமா உங்களுக்கு? எங்கம்மா பொழுதுக்கும் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கினு இருக்கும், தடம் தெரியாம. நான் அதைப் பார்த்துக்கினே வளர்ந்தவன். என் கையும் அதே கை சார். நாடா தள்ளித் தள்ளிக் காய்ச்சுப் போன கை. எனக்கே தெரியாம பலமா புடிச்சிட்டேன் போலன்னு நினைச்சேன். மறுநாள் பார்த்துப் பார்த்துத்தான் தொட்டேன். பூவைத் தொடற மாதிரி. அப்பவும் தடிச்சுது. என் கை பட்டாலே இவளுக்கு ரத்தம் கட்டிக்கிதுன்னு முடிவு பண்ணிட்டேன். பாயைச் சுருட்டிக்கினு போனது அதுக்குத்தான்.

— வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா?

— கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்.

— இதுக்கெல்லாம் பயப்படுற ஆளு, எவன் கைன்னு கேக்க மட்டும் பயப்படலை.

— …தப்புதான். வாயில புழு வைக்கணும்.

— வைக்கட்டும். நல்லா வைக்கட்டும்.

— சரிம்மா, சரி. இப்போ சொல்லுங்க, நான் மூணாவதுக்கு என்னன்னு எழுதட்டும்? நடந்ததை நடந்தபடி எழுதினா நாட்டாண்மைக்காரர் மேடையிலயே கண்ணைத் துடைச்சுப்பாரு. வெளியில சின்னப் பசங்க அதையே பாட்டாக் கட்டிடுவாங்க.

— அப்படி எழுதினீங்கன்னா நான் செத்துடுவேன் சார்.

— எழுத மாட்டேன். இப்படி எழுதறேன், கேட்டுக்கோ. "கன்னத்துத் தடம், உறங்கும் நிலையில் கணவரின் கை பட்டதால். அடி அல்ல." பட்டதுன்னா பட்டது. எப்படிப் பட்டதுன்னு கேக்க இந்தப் புஸ்தகத்துல நம்பர் கிடையாது. சம்மதமா?

— சம்மதம் சார்.

— உனக்கு, கலியாணசுந்தரம்?

— அவ சரின்னா சரி.

— ஆக, "ஈ" நம்பர் போச்சு. எழுநூத்தி எட்டு. இதை எடுத்துக்கிட்டு நான் டாக்டரம்மாகிட்ட ஓடறேன். கையெழுத்து வாங்கிட்டு அப்படியே மரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். அவசரப்பட மாட்டேன். கதவை லேசா சாத்திட்டுப் போறேன், காத்துக்குக் காகிதம் பறக்கும். திரும்ப ஒருத்தரை ஒருத்தர் கடிச்சிக்காதீங்க. கடிச்சா அதுக்கும் இங்க ஒரு நம்பர் இருக்கு.

— போயிட்டு வாங்க சார்.

— கைக்கோடு அடங்கிடுச்சா?

— இன்னும் கொஞ்சம் இருக்குது. திரும்பிப் பார்த்தா தெரியும்.

— பார்த்துக்கினுதான் இருக்கேன்.

— ஆமாமா. ரொம்ப.

— நாளைக்கு இந்தக் காகிதத்தை நாட்டாண்மைக்காரர் கையில குடுத்துடறேன். உங்க அண்ணன் இனிமே ஒண்ணும் பேச முடியாது. நீ நேரா வீட்டுக்கு வந்துடலாம்.

— எந்த வீட்டுக்கு?

— இன்னா கேள்வி இது? நம்ம வீட்டுக்குத்தான்.

— வந்து? நீங்க தறிக்குழிகிட்ட, நான் உள்ளே. முன்னே மாதிரி சொம்பைக் கீழே வைக்கிறேன், நீங்க எடுத்துக் குடிங்க. ஊருக்கு நீங்க அடிக்காத புருஷன். போதுமில்ல?

— அப்படி இல்லை, இந்திராணி. வியாதின்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. உன்னைப் பார்த்துப் பார்த்து வச்சிக்குவேன். ஒரு வேலை செய்ய விட மாட்டேன். உன் மேல காத்துகூட படாம…

— திரும்பவும் அதேதான். அருவருப்பா இருந்தது இப்போ அக்கறை ஆயிடுச்சு. பாய் மட்டும் அதே இடத்துலதான்.

— பின்ன இன்னாதான் பண்ணச் சொல்ற? தடிக்குதே! என் கண்ணு முன்னாலேயே எழுந்துக்குதே! நான் பார்த்துக்கினு எப்படி இருக்குறது? உனக்கு இன்னா வேணும், வாயைத் திறந்து சொல்லு. அன்னிக்குத்தான் சொல்லலை, இன்னிக்காவது சொல்லு!

— தடிச்சா தடிக்கட்டுங்க. முழிச்சிக்கினு இருக்கும்போது ஒரு தடவை என்னைத் தொடுங்க.